பழவேற்காடு: கோட்டை போய்க் கல்லறை நின்ற ஊர்

பழவேற்காடு, உவர்நீர் ஏரி வங்கக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர். அத்திப்பட்டிலிருந்து புறநகர் ரயிலில் மீஞ்சூரைக் கடந்து பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பேருந்து உண்டு. இறாலும் நண்டும் விலைபோகும் இவ்வூர்தான் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம்.

விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர் 1610இல் அவர்களுக்கு இங்கே வணிக உரிமை அளித்தார். 1612இல் போர்த்துகீசியர் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்ததால், மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. டச்சுக் கம்பெனி தேடி வந்தது துணியை. ஜாதிக்காய் விளைந்த பாண்டா எரிமலைத் தீவுகளிலும், கிராம்பு விளைந்த மலுக்கு தீவுகளிலும் சோழமண்டலத் துணிக்கு நல்ல கிராக்கி இருந்தது. அதைக் கொடுத்துத்தான் வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். வெடிமருந்தும் இங்கே தயாரானது. அடிமைகளாக வாங்கப்பட்ட மக்களும் இந்தத் துறையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டனர்.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்தபின் பழவேற்காடு மீண்டும் தலைமையிடமானது. ஆனால் பழைய செழிப்பு திரும்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள். டச்சுக்காரரோடு செய்த 1824 உடன்படிக்கைப்படி மறு ஆண்டு ஊரும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிய மேடும் அகழியின் தடமுமே தெரிகின்றன.

கோட்டையைவிட நன்றாகப் பிழைத்திருப்பது கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அதன் வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. வாழ்வு நிலையாதது என்பதை இப்படி நேராகக் காட்டுவது அக்கால ஐரோப்பியக் கல்லறைக் கலையின் வழக்கம். உள்ளே தரையோடு கிடக்கும் கற்பலகைகளில் டச்சு எழுத்துகளும் குடும்ப இலச்சினைகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. வசதி படைத்தவர்களுக்குக் கூம்புத் தூண்களும் மண்டபங்களும் எழுப்பப்பட்டன.

டச்சுக்காரரின் சின்னங்கள் மட்டுமல்ல, விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், சூரியக் கடிகாரம் உள்ள பள்ளிவாசலும் இந்தத் துறைமுகத்தின் சாட்சிகள். வணிகம் அகன்றபின் ஊரைத் தாங்கியது ஏரி. அதில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை மீனவர் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் இன்றும் இருக்கிறது.