அத்தாவின் கேமராவும் 24 பங்குகளும்

மயிலாப்பூரில் நாம் வசிக்கும் வீட்டின் இரும்பு அலமாரியில் மர்ஹூம் அத்தாவின் சோர்க்கி 4 கேமரா பதினொரு ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. 1985இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டில் அத்தா வாங்கியது அது. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்கில் செய்யப்பட்ட ரேஞ்ச்ஃபைண்டர் வகை. சென்ற ரமளானுக்கு முன் அதை எடுத்துப் பார்த்தோம். ஷட்டர் ஓடியது. ஆனால் ஜூப்பிட்டர் 8 லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கடற்காற்று வீசும் ஊரில் கண்ணாடியை இருட்டில் பூட்டி வைத்தால் வேறென்ன நடக்கும்?

லைக்கா 1930களில் நிலைநிறுத்திய 39 மி.மீ. மரையையே சோவியத் கேமராக்களும் ஏற்றிருந்தன. ஜப்பானின் கோசினா நிறுவனம் 1999 முதல் வாய்க்ட்லாண்டர் என்ற பழைய ஜெர்மானியப் பெயரில் அதே மரையில் புதிய லென்ஸ்கள் செய்தது. அவற்றுள் கைமாறி வந்த 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கித் திருகினோம். மரை நன்றாகவே ஏறியது. அம்மாவை ஒரு மீட்டர் தொலைவில் அமர்த்திப் படமெடுத்தோம். கண்கள் மங்கி, முக்காட்டின் பின்விளிம்பு தெளிந்து வந்தது.

மரை பொருந்துவது வேறு, அளவு பொருந்துவது வேறு. லென்ஸ் அமரும் தளத்திலிருந்து பிலிம் வரை 28.8 மி.மீ. இருக்க வேண்டும். கேமராவின் உள்ளே ஒரு சிறு கரம் லென்ஸின் பின்புறத்தைத் தொட்டு நிற்கிறது. லென்ஸ் நகர, கரமும் நகர்ந்து, காட்சிச் சாளரத்தில் இரண்டாம் பிம்பத்தைத் தள்ளுகிறது. இரு பிம்பங்களும் ஒன்றாகும் இடமே தெளிவு. சோவியத் லென்ஸுக்கும் மற்றவற்றுக்கும் இந்த ஒத்திசைவில் சிறு வேறுபாடு உண்டு. தொலைவில் அது தெரியாது, அருகில் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் பகுதியில் கேமரா பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். பிலிம் ஓடும் இடத்தில் தேய்த்த கண்ணாடியை வைத்து, ஷட்டரைத் திறந்து நிறுத்தி, மொட்டை மாடியிலிருந்து மெரினா கலங்கரை விளக்கத்தை நோக்கித் தொலைவுத் திருகைச் சரிசெய்தார். பிறகு ஒரு மீட்டரில் செய்தித்தாளை ஒட்டி, கரத்தின் ஆப்பு வடிவ முனையை மயிரிழையளவு திருப்பினார். ஒன்றைத் திருத்தினால் மற்றது பிசகும். ஐந்து முறை மாடி ஏறி இறங்கினார். கூலிக்குப் பணம் குறைந்தது. பழைய லென்ஸை ஈடாக வைத்துக்கொள்ளுமாறு சொன்னோம்.

"அப்பாவோட லென்ஸ் பாய், யோசிச்சுக்கோங்க" என்றார். நாம் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடையாற்றிலிருந்து தங்கை வந்தாள். கேமராவைத் திருப்பிப் பார்த்து, "அத்தாவோட லென்ஸ் எங்கேண்ணா?" என்றாள். பூஞ்சை, மரை, ஒத்திசைவு என்று நெடுநேரம் விளக்கினோம். எல்லாவற்றையும் கேட்டபின், "அதில் என் பங்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.

ஃபராயிள் பாடத்தில் ஆண்டுதோறும் கரும்பலகையில் நாமே எழுதும் கணக்கு அது. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் எனில் 24 பங்கில் முறையே 3, 14, 7. கூட்டுச் சொத்தை மற்றப் பங்காளியின் சம்மதமின்றிக் கைமாற்றலாகாது என்பதும் அதே பாடத்தில்தான் வருகிறது. அத்தா வஃபாத்தானபோது பாத்திரங்களைக்கூடப் பிரித்தோம். கேமராவை ஒரு பொருளாகவே எண்ணவில்லை. தங்கை பள்ளியில் பரிசு வாங்கிய படம், அவளுடைய நிக்காஹ் நாள் படம், எல்லாம் அந்த லென்ஸ் வழியே வந்தவை.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் உறக்கம் வரவில்லை. கடை திறக்குமுன்பே வாசலில் நின்றோம். முதியவர் லென்ஸைப் பிரித்திருந்தார். ஒரு கண்ணாடியின் மேற்பூச்சைப் பூஞ்சை தின்றுவிட்டது. இனி அது மீளாதாம். துண்டுகளை வரிசை மாறாமல் ஒரு பிலிம் டப்பாவில் வைத்திருந்தார். "வருவீங்கன்னு தெரியும்" என்றார். முழுக் கூலியையும் பணமாகக் கொடுத்தோம்.

அடையாற்றில் டப்பாவைத் தங்கையின் கையில் வைத்தோம். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு, "இந்த மாதம் கேமரா என்னிடம் இருக்கட்டும்" என்றாள். லென்ஸ் நம் பணம். கேமரா மூவருக்கும் உரியது. புதிய லென்ஸைக் கழற்றாமலே கொடுத்தோம். சோர்க்கியில் பிலிமை முறுக்கிய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளே பழுதாகும் என்பதை மட்டும் இருமுறை சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினோம்.