தம்பியின் படம்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அப்பா, ஒரு வயதுத் தம்பியை இன்னும் நேரில் கண்டதில்லை. அவரிடம் செல்லத் தம்பிக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பெரியவர்களைப் பாஸ்போர்ட் அலுவலகத்திலேயே படமெடுப்பார்கள். 4 வயது நிரம்பாத குழந்தைக்கோ 4.5 செ.மீ. உயரம், 3.5 செ.மீ. அகலத்தில், வெள்ளைப் பின்னணியுடன் வண்ணப்படம் நாமே கொண்டுபோக வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் எடுத்த முதல் படத்தில் தம்பியைத் தாங்கிய அம்மாவின் கை தெரிந்தது. பின்னால் நிழலும் விழுந்திருந்தது. படத்தைத் திருப்பிவிட்டார்கள். அம்மா அழுதுவிட்டார்.

வெள்ளிமலையிலிருந்து வந்த பாட்டி, திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிட்டு, தம் வெள்ளைச் சேலையைச் சன்னலோரம் விரித்து அவனைக் கிடத்தினார். புகைப்படக்காரர் மேலிருந்து எடுத்தார். அவருக்குப் பின்னே நின்று நான் கொலுசைக் குலுக்கினேன். தம்பி வாய் மூடி, நேராகப் பார்த்தான்.

தோழியரே, அந்தப் படத்தில் அவன் முகம் மட்டுமே இருக்கிறது. விலகி நின்ற அம்மாவின் கை எனக்கு மட்டும் தெரிகிறது.