பொறியின் நாடி

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் எங்கள் தேவிகாபுரமும் ஒன்று. என் தந்தையார் தறியில் அமருமுன் பாவின்மேல் விரல்களை ஓட்டி அதன் இறுக்கத்தை அறிவார். விரலே அவருக்கு அளவுகோல். அவ்வில்லத்திற் பிறந்து, இலக்கணம் கற்பித்தே ஓய்வு பெற்ற எனக்கு, லாரியின் உள்ளுறுப்புகளை அறியும் வாய்ப்பு முதுமையிற்றான் கிட்டியது.

என் தமையனார் மகன் கடன் பெற்றுப் பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கினான். ஓராண்டுக்குள் அதன் எஞ்சின், எண்ணெய் குன்றிச் சூடேறி இறுகி நின்றுவிட்டது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லையா என வினவினேன். “எரிந்தது சித்தப்பா, எல்லாம் முடிந்த பிறகு எரிந்தது” என்றான். எண்ணெயின் அழுத்தம் பெரிதும் வீழ்ந்த பின்னரே அவ்விளக்கு ஒளிரும். சிறிது சிறிதாகக் குறைந்து வருவதை அது சொல்லாது. எஞ்சினைச் செப்பனிட, அவன் மனைவியின் கழுத்துச் சங்கிலி ஆரணியிலுள்ள அடகுக் கடைக்குச் சென்றது.

ஆதலின், அழுத்தத்தையும் வெப்பத்தையும் இடைவிடாது காட்டும் மீட்டர்கள் மூன்றினைத் தனியே வாங்கிப் பொருத்த முனைந்தான். பட்டறைக்கு நானும் உடன் சென்றேன்.

மாணவர்களே, டீசல் எஞ்சினில் எண்ணெயைப் பற்றவைக்கத் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்று மிகுதியாக அழுத்தப்பெற்றுத் தானே கனல, அதில் தூவப்படும் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் இதனைச் செவ்வனே இயக்கிக் காட்டினார். அக்கனலின் நடுவே தேய்மானத்தைத் தடுப்பது மசகெண்ணெய். மிகு வெப்பத்தைக் கொண்டுபோவது நீர்.

மெக்கானிக், பழைய விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அவ்விடத்தில் மூவாய் இணைப்பு ஒன்றை வைத்தார். ஒரு வாயில் அதே சுவிட்சையும் மற்றொன்றில் புதிய சென்சாரையும் முடுக்கினார். ‘உணரி’ எனத் தமிழ்ப்பெயர் கூறினேன். “நன்றாக இருக்கிறது ஐயா” என்றவர், மறுகணமே “அந்தச் சென்சாரை எடு” என்று உதவியாளனை ஏவினார்! கியர் பெட்டியின் எண்ணெய்க்கும் ஓர் உணரி அமைந்தது. நீருக்குரியதை முதலிற் கொதிநீரில் அமிழ்த்திச் சோதித்தார். முள் 100 பாகையருகே நின்றது. எஞ்சினிற் பொருத்திய பின்னரோ அது அசையவே இல்லை. கசிவைத் தடுக்க மரையில் வெள்ளை நாடாவை மிகுதியாகச் சுற்றியதே காரணம். ஒற்றைக் கம்பி உணரிக்கு எஞ்சினின் உடலே மின்சாரம் திரும்பும் வழி. நாடா அவ்வழியை அடைத்துவிட்டது. நாடாவைக் குறைத்ததும் முள் எழுந்தது.

“முள் ஏறினால் மட்டுமன்று, திடீரென இறங்கினாலும் வண்டியை நிறுத்துங்கள். தண்ணீர் போய்விட்டால் அது வெறும் ஆவியைத்தான் அளக்கும்” என்றார் மெக்கானிக்.

ஒரு திங்கள் கழிந்தது. செங்கல் ஏற்றிய அந்த லாரியில், போளூரிலிருந்து சவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூருக்கு அவனோடு நானும் சென்றேன். மலைவளைவொன்றில், 95-இல் நின்ற முள் சட்டென 60-க்கு இறங்கியது. மலைக்காற்றால் குளிர்ந்தது போலும் என்று நான் மகிழ்ந்தேன். அவனோ முகம் வெளிற, வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினான். நீர்க்குழாயின் முனை பிளந்து, நீர் முழுதும் சாலையில் வழிந்திருந்தது.

சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீரும் ஆவியும் முகத்திற் பாயும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாறைமேல் அமர்ந்திருந்தோம். பின்னர் அவன் பிளந்த முனையை அறுத்தெறிந்து, எஞ்சிய குழாயை இழுத்துப் பொருத்தி இறுக்கினான். கேன்களில் இருந்த நீரை ஊற்றினோம். எஞ்சின் முழங்கியது. இருவரும் முள்ளையே நோக்கியிருந்தோம். அது மெல்ல எழுந்து 85-இல் நின்றது.

“நாளைக்கு அடகுக்கடைத் தவணை சித்தப்பா” என்று சொல்லி, அவன் கியரை மாற்றினான்.