கண்ணை மூடாமல் நிற்பது

மதுரைக்கு வடக்கே, அழகர்மலை நன்றாகத் தெரியும் ஒரு கண்மாய்க்கரை. காலை ஐந்தரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இருபது பிள்ளைகள் வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்துகொண்டிருந்தார்கள். சிலம்பம் பார்க்கத்தான் போயிருந்தேன்; ஒருவர் கையிலும் கம்பில்லை. எல்லாம் கருவேல மரத்தில் சாய்ந்து கிடந்தன.

“காலடிப் பாடம் சார். கால் பழகாம கையில கம்பக் குடுத்தா தன் மண்டையிலயே அடிச்சுக்குவான்” என்றார் வாத்தியார். ஐம்பதைத் தாண்டியவர். சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். எட்டு மணிக்கு வேலையிடத்தில் நிற்க வேண்டும் என்பதால் ஏழே காலுக்கு வகுப்பை முடித்துவிடுவார். காலடிப் பாடம் முடியும்வரை பிள்ளைகளின் பாதங்களை விட்டு அவர் பார்வை அகலவில்லை.

முன்காலை வைத்து, பின்காலை இழுத்து, இடுப்போடு திரும்பி, மறுபடி முன்கால். முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். பார்ப்பதற்கு நடனம் போல இருக்கிறது. செய்தால் பத்து நிமிடத்தில் தொடை நடுங்கிவிடும். கம்பை எடுத்த பிறகு மணிக்கட்டு, முன்கை, தோள் என்று வேலை மேலே ஏறுகிறது. எந்த வீச்சையும் சோத்தாங்கையில் எத்தனை முறை செய்தார்களோ, அத்தனை முறை நொட்டாங்கையிலும் செய்தாக வேண்டும். பை தூக்குவது, எழுதுவது, போனைத் தேய்ப்பது என்று ஒரு பக்கமாகவே வாழும் நம் உடம்பில் மறுபாதிக்கு யார் இப்படி வேலை கொடுக்கிறார்கள்?

கம்பைத் தரையில் ஊன்றினால் புருவ மத்திக்கு வர வேண்டும் என்பது இங்கே கணக்கு. ஆளுக்கு ஆள் அளவு வேறு. கல்மூங்கிலும் உண்டு, பிரம்பும் உண்டு. வளைந்த பிரம்பை எண்ணெய் தடவி, அனலில் காட்டி, முழங்காலில் வைத்து அழுத்தி நிமிர்த்துவதை வாத்தியார் செய்து காட்டினார். சூடு கூடினால் கருகிவிடும். குறைந்தால் மறுநாளே பழைய வளைவுக்குத் திரும்பிவிடும். கையில் உருட்டிப் பார்த்தே பதம் சொல்கிறார்.

ஆறரைக்கு ஜோடி சேர்த்தார். நான் போனது இதற்காகத்தான் என்று பிறகு தோன்றியது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. எதிரே அவளைவிட ஒரு தலை உயரமான பையன். அவன் கம்பு தலைக்கு மேலாக இறங்க, அவள் தன் கம்பை ஏந்தித் தடுத்தாள். தடுத்த நொடியில் கண் மூடியிருந்தது.

“கண்ண மூடாத தாயி. கம்பப் பாக்காத, அவன் தோளப் பாரு. கம்பு கெளம்புறதுக்கு முன்னாடியே தோள் சொல்லிரும்.”

முகத்தை நோக்கி எது வந்தாலும் இமை தானாக மூடிக்கொள்ளும். அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. அதைத்தான் அவர் பழக்க முயல்கிறார். முதலில் எண்ணிக்கை சொல்லி, மெதுவாக, ஒரே இடத்தில் விழும் அடி. பிறகு அதே அடி வேகமாக. பிறகு வரிசையைக் கலைத்து, எங்கே விழும் என்று தெரியாத அடி. கம்போடு கம்பு மோதும் ஓசையும் இடைவெளியும் உடம்புக்குப் பழகப் பழக, கண் திறந்தே இருக்கிறது. பயம் போய்விடுவதில்லை. பயத்தோடு நின்று பார்க்க முடிகிறது. மனவலிமை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதை அந்தக் கண்மாய்க்கரையில் நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் அம்மா தூக்குவாளியோடு வந்திருந்தார். “முன்னாடியெல்லாம் டீச்சர் கேள்வி கேட்டாலே அழுதுருவா சார். இப்ப எந்திருச்சு நின்னு ‘தெரியல டீச்சர்’னு சொல்றாளாம்” என்றார். அந்த ஒரு வாக்கியம் எத்தனை பெரிய தேர்ச்சி என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எனக்கு முப்பது வயதாயிற்று.

தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடமுண்டு. பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப இதுவும் காரணம், அதில் தவறேதுமில்லை. வாத்தியாரின் கவலை வேறு. மேடையில் மணிக்கணக்காகக் கம்பு சுற்றிச் சாதனைச் சான்றிதழ் வாங்குவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். “எதுக்க ஆள் இல்லாமச் சுத்துறது ஃபேன் சுத்துற மாதிரி சார். காத்து வரும், அவ்வளவுதான்” என்றார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அலங்கார வீச்சு அழகுதான்; ஆனால் எதிரே ஒரு தோள் இல்லாவிட்டால் கண்ணுக்குப் பாடம் இல்லை. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க மாதம் 200 ரூபாய் வாங்குகிறார். கொடுக்க முடியாத வீட்டில் கேட்பதுமில்லை.

கிளம்பும் முன் ஒரு முறை நிற்கிறேன் என்றேன். செருப்பைக் கழற்றச் சொன்னார். அந்தச் சிறுமியையே எதிரே நிறுத்தினார். அவள் முதலில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். பத்து அடி, மெதுவாகத்தான். ஏழு முறை கண்ணை மூடினேன் என்று அவளே எண்ணிச் சொன்னாள். எட்டாவது அடியில் அவள் தோள் லேசாக முன்னே அசைவது தெரிந்தது. கம்பு அதன் பின்னால்தான் வந்தது.

அதற்குள் ரோட்டில் பலகை ஏற்றிய வண்டி ஹாரன் அடித்தது. வாத்தியார் கம்புகளைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார்.