பதினொரு நாள் மௌனம்

நான் தினந்தோறும் விரும்பிப் படிப்பது எது என்று யாராவது கேட்டால், கிரிக்கெட் செய்தி என்றோ சினிமா விமரிசனம் என்றோ சொல்லி நழுவிவிடுவது என் வழக்கம். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். காலையில் பல் துலக்கியதும் நான் படிப்பது, சமூக வலைத்தளக் கம்பெனிகள் தங்களை நம்பி நிரல் எழுதுகிறவர்களுக்காக வெளியிடும் மாறுதல் அறிக்கை. 'சேஞ்ச்லாக்' என்று அதற்குப் பெயர். அதில் கதை கிடையாது, படம் கிடையாது, நகைச்சுவை மருந்துக்கும் கிடையாது. "இன்ன வசதி இன்ன தேதியோடு நிறுத்தப்படும், இன்ன சொல் இனி இன்ன சொல்லாக வழங்கும்" என்று வரிசை வரிசையாக இருக்கும். பஞ்சாங்கத்தில் ராகு காலம் பார்ப்பவரைப்போல் அதைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போகிறேன். இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். அது நான் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய கதை அல்ல.

நம் சங்கத்துக்கு ஒரு வேலையாள் உண்டு. சம்பளம் இல்லை, சாப்பாடு இல்லை, தூக்கமும் இல்லை. அது ஒரு சின்ன நிரல். தமிழ்நாட்டிலிருந்து இந்த நகரத்து ஆஸ்பத்திரிகளுக்குச் சிகிச்சைக்காக வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஊர் புதிது, பாஷை புதிது. அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் வேண்டும் என்று டாக்டர் சொன்னால், யாரைப் போய்க் கேட்பார்கள்? ஒரு சமூக வலைத்தளத்தில் தமிழில் நாலு வரி எழுதிப் போடுவார்கள். நம் நிரல் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அந்தத் தளத்துக்குப் போய், அப்படிப்பட்ட விண்ணப்பம் இருந்தால் எடுத்துவந்து, இரத்தம் கொடுக்கச் சம்மதித்துப் பெயர் தந்திருக்கும் மாணவர்களின் கைபேசிக்கு அனுப்பும். அதை எழுதியவர் நமக்கு மூத்த ஓர் அண்ணன். படிப்பு முடிந்து புறப்படும்போது என்னிடம் ஒப்படைத்து, "இதைப் பார்த்துக்கொள்ளடா. அது பாட்டுக்கு ஓடும்" என்றார். அது பாட்டுக்கு ஓடும் என்பதை மட்டும் நான் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டேன்.

இவ்விடத்தில் ஒரு விளக்கம். வலைத்தளக் கம்பெனிகளின் வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் வழியாக நாம் எல்லோரும் போய்ப் படம் பார்க்கிறோம், வம்பு பேசுகிறோம். கொல்லைப்புறத்து வாசல் நிரல்களுக்கு உரியது. ஏ.பி.ஐ. என்பது அதுதான். அதற்கு ஒரு சாவி தருவார்கள். ஆனால் வாசல் அவர்களுடையது, பூட்டும் அவர்களுடையது. பூட்டை எப்போது மாற்றுவது என்பதும் அவர்கள் இஷ்டம். மாற்றப்போவதை முன்கூட்டிச் சொல்லும் இடம்தான் நான் மேலே சொன்ன அறிக்கை.

எங்களுக்கும் சொன்னார்கள். அந்தக் கம்பெனியின் பக்கத்தில் மஞ்சள் பட்டையில் ஓர் அறிவிப்பு இருந்தது: பழைய பதிப்பு இன்ன தேதியோடு மூடப்படும், புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளவும் என்று. அதை நான் ஒரு முறை கண்ணால் பார்த்தேன். 'பரீட்சை முடியட்டும்' என்று மூடிவிட்டேன். நினைவூட்டல் கடிதங்களும் வந்திருக்கின்றன. எங்கே? அண்ணனுடைய பல்கலைக்கழக அஞ்சல் பெட்டிக்கு. அவர் பட்டம் பெற்றுப் போனதும் அந்தப் பெட்டியை மூடிவிட்டார்கள்.

குறித்த தேதி வந்தது, வாசல் அடைத்தது. நிரல் போய்த் தட்டியது. 'இந்தப் பதிப்பு இனி இல்லை' என்று பதில் வந்தது. அப்போது அது என்ன செய்திருக்க வேண்டும்? என்னிடம் ஓடிவந்து அழுதிருக்க வேண்டும். ஆனால் 'தவறு நேர்ந்தால் பேசாமல் இரு. பத்து நிமிஷம் கழித்து மறுபடி முயற்சி செய்' என்று அதற்குள்ளே ஒரு வரி இருந்தது. சொன்னபடியே அது பேசாமல் இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பதினொரு நாள். எங்களுக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லை. யாருக்கும் கஷ்டம் இல்லை போலிருக்கிறது என்று நாங்கள் நிம்மதியாகப் பரீட்சை எழுதினோம்.

பதினோராம் நாள் இரவு அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், வேட்டி கட்டிய ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் எங்கள் விடுதிக் காவற்காரர். பெரியவர் சங்கரன்கோவில் பக்கத்தவர்; மனைவிக்கு இருதய அறுவைச் சிகிச்சை. கையில் ஒரு துண்டுக் காகிதத்தில் எங்கள் விடுதியின் பெயர்.

"மூணு நாளா அதுல போட்டுக்கிட்டே இருக்கேன் தம்பி. தமிழ்ப் பிள்ளைங்க உடனே வந்துரும்னு பக்கத்துக் கட்டில்காரங்க சொன்னாங்க. ஒருத்தரும் வரல. பிள்ளைங்களுக்குப் பரீட்சையோ என்னமோன்னு நினைச்சேன். அதான் நேர்லயே கேட்டுப்போட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார்.

நாங்கள் சொல்லவேண்டிய சாக்கையும் அவரே சொல்லிவிட்டார். "மன்னிச்சுக்குங்க ஐயா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அன்றிரவே ஐந்து பேர் போனோம். இரண்டு நாள் தாமதமாக அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த அம்மாள் பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

நிற்க. நிரலைச் சரிசெய்த பிறகு, அந்தப் பதினொரு நாளில் வந்த விண்ணப்பங்களைத் தேடிப் பார்த்தேன். பெரியவருடையதைத் தவிர ஏழு இருந்தன. நான்கின் கீழே 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று எழுதியிருந்தது. மூன்றின் கீழே ஒன்றும் எழுதவில்லை. அந்த மூன்று எண்களுக்கும் தொலைபேசியில் பேசிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கொல்லைப்புற வாசல்களின் சரித்திரத்தை உட்கார்ந்து படித்தேன். வாசலை அடைப்பதெல்லாம் வஞ்சகம் என்று நினைத்திருந்தேன், அப்படி அல்ல. பேஸ்புக் 2014 ஏப்ரல் 30-இல் புதிய பதிப்பை வெளியிட்டு, பழையதற்கு ஓராண்டு தவணை கொடுத்து, 2015 ஏப்ரல் 30-இல் மூடியது. ஒருவர் ஒரு செயலிக்குச் சம்மதம் கொடுத்தால், அவருடைய நண்பர்களின் விவரங்களையும் அள்ளிக்கொண்டு போக இடங்கொடுத்த வழி அது. அவ்வழியே போன விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்துக்குச் சேர்ந்த கதை 2018-இல் வெளிவந்து உலகமே அமளிப்பட்டது. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை அதில் அகப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அந்த வாசலை இன்னும் முன்னதாக அடைத்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

வேறு மாதிரியும் உண்டு. இப்போது எக்ஸ் என்று வழங்கும் ட்விட்டர், 2023 பிப்ரவரி 2-இல், இன்னும் ஒரு வாரத்தில் இலவச வாசல் கிடையாது என்று அறிவித்தது. அதே மாதம் 6-ஆம் தேதி துருக்கியில் பூகம்பம். இடிபாடுகளுக்கு அடியில் கிடந்தவர்களும் அவர்களுடைய உறவினரும் ட்விட்டரில் எழுதிய முகவரிகளைத் தன்னார்வ நிரலாளர்கள் அந்த வாசல் வழியாகத்தான் திரட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, தேதி தள்ளிப்போயிற்று. மார்ச் இறுதியில் வந்த திட்டப்படி, அப்போது இலவசமாக எழுதத்தான் முடிந்தது. படிக்க வேண்டுமானால் மாதம் 100 டாலரிலிருந்து கட்டணம் என்று இருந்தது. நியூயார்க் நகரத்து ரயில், பஸ்களை நடத்தும் பொதுத்துறை நிறுவனம் 2023 ஏப்ரல் 27-இல் அங்கே வண்டித் தாமதச் செய்தி போடுவதையே நிறுத்திற்று. பொதுச் சேவைகளுக்கு மட்டும் இலவசம் என்று ட்விட்டர் மே மாதத் தொடக்கத்தில் இறங்கிவந்த பிறகுதான் மீண்டும் தொடங்கிற்று. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், நம் சங்கத்து வேலையாள் எம்மாத்திரம்?

வெளியான அறிவிப்பைக் கவனிப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. மூடும் தேதியைப் பதிலோடு சேர்த்தே அனுப்புவதற்கு 'சன்செட்' என்று ஒரு தலைப்பு வரியை 2019-இல் ஆர்.எஃப்.சி. 8594 என்னும் ஆவணம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. 'சன்செட்' என்றால் அஸ்தமனம். எவ்வளவு அழகான பெயர்! ஆனால் மேற்கே பார்க்கிறவனுக்கல்லவா அஸ்தமனம் தெரியும்?

இப்போது நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது. கம்பெனிக் கடிதங்கள் தனி ஒருவருக்கு வருவதில்லை. மூன்று பேர் படிக்கும் சங்கத்தின் பொது முகவரிக்கு வருகின்றன. சாவிகள் காலாவதியாகும் தேதிகளை வாசகசாலைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். 'பேசாமல் இரு' என்ற வரியை அழித்துவிட்டேன். தவறு நேர்ந்தால் நிரல் மூன்று பேருடைய கைபேசியிலும் கூச்சல் போடும். ஒரு நாள் முழுவதும் ஒரு விண்ணப்பமும் வராவிட்டாலும் கூச்சல் போடும். பல நாட்கள் அது வீண் கூச்சல்தான். போடட்டும்.

வருகிற மே மாதத்தோடு என் படிப்பு முடிகிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இந்த வேலையை ஏற்றுக்கொள்ள முன்வர வேண்டும். பெரிய நிரல் வித்வானாக இருக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் ஐந்து நிமிஷம், சுவாரஸ்யமே இல்லாத ஓர் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தால் போதும். அவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பேன். 'அது பாட்டுக்கு ஓடும்' என்று மட்டும் சொல்லமாட்டேன்.