சிவப்புப் பலகை இல்லாத அபாயம்

வன்னியில் வாழ்ந்த எமக்கு ஆபத்தை அடையாளம் காணத் தெரியும். மீள்குடியேறிய காலத்தில் காணிகளின் ஓரமெங்கும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. "பலகைக்கு அங்கால போகாதை" என்பதுதான் அன்று ஒவ்வொரு தாயின் வாயிலும் இருந்த சொல். ஆனால் பலகையும் இல்லாமல், மணமும் இல்லாமல், நாமே காசு கொடுத்து வீட்டுக்குள் அழைத்து வரும் ஆபத்தும் உண்டு என்பதை நான் 2022ஆம் ஆண்டில்தான் அறிந்துகொண்டேன். அதில் எனது பிழையும் இருந்தது. அதனால்தான் இதனை எழுதுகின்றேன்.

பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களின் வாழ்வாதாரம் தொடர்பானது எனது வேலை. நான் தொடர்ந்து சந்தித்து வந்த குடும்பங்களுள் ஒன்று அந்த அக்காவினுடையது. கணவர் 2009இல் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகள். காலில் ஷெல் துண்டு பட்ட தழும்பு. அழகுக்கலைப் பயிற்சி பெற்று, கடன் எடுத்து, பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் மணப்பெண் அலங்காரம் செய்து வந்தார். ஓகஸ்ட் வெயிலில் பூசிய ஒப்பனை வழிந்தோடும் என்பதால், கொழும்பில் ஓர் அலுவலகம் கழற்றி விற்ற பழைய ஏசியொன்றை வாங்கிப் பூட்டினார். அன்று எனது அறிக்கையில், "பயனாளியின் தொழில் அடுத்த கட்டத்துக்கு உயர்ந்துள்ளது" என்று பெருமையுடன் எழுதினேன்.

சில மாதங்களில் ஏசி குளிர்விக்கவில்லை. "காஸ் முடிஞ்சுது மிஸ்" என்றார் அக்கா. 2022இன் நெருக்கடி எமக்கெல்லாம் நினைவிருக்கும். ரூபா விழுந்து எல்லாப் பொருளும் விலையேறியிருந்தது. திருத்த வந்த ஒருவர் 28,000 ரூபா கேட்டார். அக்காவிடம் அவ்வளவு இல்லை. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வீடு வீடாகச் சென்று பிரிட்ஜ், ஏசி திருத்துபவர். நான்தான் அவரை அனுப்பி வைத்தேன். "22க்குப் பதிலாய் இப்ப வேற காஸ் வந்திருக்கு அக்கா, நல்லாக் குளிரும்" என்று சொல்லி, 9,000 ரூபாவுடன் வேலையை முடித்தார். உண்மையிலேயே நன்றாகக் குளிர்ந்தது. அக்கா எனக்கு நன்றி சொன்னார்.

நல்லூர்த் திருவிழாவுக்கென்று இரண்டு நாட்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர், திரும்பி வந்து மாலையில் அறையைத் திறந்தார். குளிர் வெளியே போகாமலிருக்க யன்னல்களை முன்பே அடைத்திருந்தார். கதவின் கீழிருந்த நீக்கலிலும் துணி வைத்திருந்தார். நிலத்தோடு வைத்திருந்த சாமிப் படத்தின் முன் விளக்கேற்றக் குனிந்து நெருப்புக்குச்சியைத் தட்டினார். அவ்வளவுதான். நிலம் முழுவதும் நீலமாக ஒரு நெருப்பு ஓடியது என்று பின்னர் சொன்னார். இரண்டு கால்களும் வலது கையும் வெந்துபோயின. கதவு திறந்திருந்தபடியால் உயிர் தப்பினார்.

ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அவர் என்னைத் திட்டவில்லை. "ஷெல்லுக்குத் தப்பின கால் மிஸ்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டபின் பல இரவுகள் எனக்கு நித்திரை வரவில்லை.

பின்னர் தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டினேன். அவர் விளக்கியவற்றை நான் விளங்கிக்கொண்டபடி இங்கே தருகின்றேன்.

ஏசிக்குள் இருக்கும் வாயு பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி ஓடி, அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகின்றது. எனவே "காஸ் முடிஞ்சுது" என்பதன் பொருள், எங்கோ ஓர் இடத்தில் கசிவு உள்ளது என்பதே. அந்தக் கசிவை அடைக்காமல் புதிய வாயுவை நிரப்பினால் அதுவும் கசியும். ஏசி நின்றிருந்தாலும் குழாய்க்குள் அமுக்கம் இருந்துகொண்டேயிருக்கும்.

அக்காவின் பழைய ஏசி ஆர்-22 எனும் வாயுவுக்காகச் செய்யப்பட்டது. அந்த வாயு சாதாரண நிலையில் தீப்பற்றாது. ஆயினும் அது ஓசோன் படலத்தைப் பாதிக்கும். அதனால் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உலக நாடுகள் அதனைப் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. கைவிடுவது நல்ல காரியமே. ஆனால், அந்த வாயு அரிதாகி விலை ஏறும்போது, அதன் இடத்தில் புரொப்பேன் போன்ற எரியும் வாயுக்களை நிரப்பும் பழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. எமது சமையல் காஸில் இருப்பதும் புரொப்பேனும் பியூட்டேனும்தான். புரொப்பேன் ஆர்-22 போலவே நன்றாகக் குளிர்விக்கும். எடையில் பாதிக்கும் குறைவாகவே போதும். மலிவு. ஆகவே வாங்குபவருக்கும் நிரப்புபவருக்கும் ஆசை வருகின்றது.

ஆபத்து எங்கே இருக்கின்றது? புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு தேங்கும். காற்றில் 2 சதவீதமளவு கலந்தாலே தீப்பற்றிக்கொள்ளும். அதற்கு நெருப்புக்குச்சிதான் வேண்டுமென்பதில்லை. ஏசியின் உள்ளே உள்ள மின் இணைப்பில், சுவிட்சில் எழும் ஒரு பொறியே போதும். ஆர்-22க்காகச் செய்த இயந்திரத்தில் அந்தப் பொறியைத் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. இன்னொன்றும் உண்டு. சமையல் காஸுக்கு மணம் இயல்பாக வருவதல்ல, கசிவை அறியவென்று சேர்க்கப்படுவது. குளிரூட்டிக்கென விற்கும் புரொப்பேனில் பெரும்பாலும் அந்த மணம் சேர்க்கப்படுவதில்லை. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நடந்தபோது, மணத்தைக் கவனிக்கவும் சவர்க்கார நுரை பூசிக் கசிவைப் பார்க்கவும் நாமெல்லாம் பழகினோம். அந்தப் பழக்கம் இங்கே அக்காவைக் காப்பாற்றவில்லை.

இது எமது நாட்டுக்கு மட்டுமுரிய பிரச்சினையல்ல. நியூசிலாந்தில் ஹமில்ரன் நகருக்கு அருகே தமஹெரே என்னுமிடத்தில், பெரிய குளிர்களஞ்சியமொன்றில் புரொப்பேன் கலந்த வாயுவைப் பாவித்திருந்தார்கள். 2008 ஏப்ரல் 5ஆம் திகதி அபாயமணி ஒலித்ததால் சென்ற தீயணைப்பு வீரர்கள், உள்ளே அப்படியொரு வாயு இருப்பதை அறிந்திருக்கவில்லை. வாயு வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், ஏழு பேர் காயமடைந்தனர். தீயோடு போராடவே பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி. 2013இல் அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும், '22ஏ' என்பதுபோன்ற பெயர்களில் விற்கப்படும் எரியும் வாயுக்களைப் பழைய வீட்டு ஏசிகளில் நிரப்ப வேண்டாமென மக்களை எச்சரித்தது. பெயரில் ஓர் எழுத்துத்தான் வேறு, குணமோ முற்றிலும் வேறு.

அதேவேளை, எரியும் வாயு என்றாலே பயப்படவும் தேவையில்லை. இன்று விற்பனையாகும் பல பிரிட்ஜ்களில் ஆர்-600ஏ எனும் எரியும் வாயுவே உள்ளது. அது சிறிய அளவில், தொழிற்சாலையிலேயே, அதற்கென வடிவமைத்த இயந்திரத்தில் அடைக்கப்பட்டது. இயந்திரம் ஒன்றுக்கென்றும் வாயு வேறொன்றுக்கென்றும் இருப்பதுதான் பிழை.

எமது சகோதரிகள் கவனிக்க வேண்டியவை சில:

ஏசியின் வெளிப்பகுதியில் ஒட்டியுள்ள தகட்டில் எந்த வாயு என்பது ஆர் என்ற எழுத்துடனும் இலக்கத்துடனும் எழுதப்பட்டிருக்கும். அதனை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். திருத்துபவர் கொண்டுவரும் சிலிண்டரிலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். பெயரில்லாத சிலிண்டர் என்றால் திருப்பி அனுப்புங்கள்.

கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பின்னரே நிரப்பச் சொல்லுங்கள். வேறு வாயு நிரப்பினால்தான் ஏசி ஓடும் என்றால், அந்த ஏசியைக் கைவிடுவதே மேல். மின்விசிறியும் திறந்த யன்னலும் உயிருக்கு ஆபத்தில்லாதவை.

ஏசியிலிருந்து சீறும் சத்தம் கேட்டாலோ, கசிவென்று சந்தேகம் வந்தாலோ விளக்கேற்ற வேண்டாம், சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். பிரதான சுவிட்ச் வெளியே இருந்தால் மட்டும் அதனை நிறுத்துங்கள். தீயணைப்புக்கு 110, நோயாளர் காவு வண்டிக்கு 1990.

தீக்காயத்தின் மேல் பற்பசையோ நெய்யோ பூச வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்தத் தம்பியை நான் மீண்டும் சந்தித்தேன். கோபத்தோடுதான் போனேன். அவர் அழுதார். மூன்று மாதப் பயிற்சி மட்டுமே பெற்றவர். அந்தச் சிலிண்டரில் இருந்தது எரியும் வாயு என்று அவருக்கு விற்றவர் சொல்லவில்லை. தானே அந்த அறையில் சிகரெட்டைப் பற்ற வைத்திருக்கலாம் என்று நடுங்கினார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஆபத்துகள் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்று எழுதிப் புள்ளிகள் பெற்றவள் நான். பணமுள்ளவர் கழித்துவிட்ட இயந்திரமும், மலிவான வாயுவும், முழுமையில்லாத பயிற்சியும் கடைசியில் வந்து சேர்வது எமது பெண்களின் பத்தடி அறைக்குள்தான் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். வாழ்வாதார உதவி வழங்கும் நாம் தையல் இயந்திரத்தையும் கடனையும் கொடுக்கின்றோம். அவற்றோடு பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தோமா என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை. இப்போது பயனாளியின் வீட்டுக்குப் போகும்போது வருமானத்தைக் கேட்பதற்கு முன், காஸையும் வயரையும் பார்க்கின்றேன்.

அக்கா ஐந்து மாதங்களின் பின் கடையைத் திறந்தார். ஏசி இல்லை. யன்னல்களைத் திறந்து, இரண்டு மின்விசிறிகள் பூட்டியிருக்கின்றார். வெயிற்காலத்தில் விடியப்புறமே மணப்பெண்ணை வரச் சொல்கின்றார். வலது கையின் விரல்கள் இன்னும் முழுமையாக மடங்குவதில்லை. கூந்தல் பின்னும் வேலையைத் தன்னிடம் பயிலும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைகளிடம் அவர் அடிக்கடி சொல்வது இதுதான்: "தெரியாட்டிக் கேளுங்கோ. கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ."

உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ யாராவது ஏசி திருத்த வந்தால், அக்காவுக்காக நீங்களும் ஒருமுறை கேளுங்கள்: "தம்பி, இது என்ன காஸ்?"