ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி

டெட்ராயிட் நகரின் கேஸ் காரிடார் பகுதியில் தேர்டு மேன் ரெக்கார்ட்ஸ் கடை இருக்கிறது. பின்பக்கம் பெரிய கண்ணாடிச் சன்னல். அதற்கு அப்பால் இசைத்தட்டு அச்சடிக்கும் கூடம், 2017இல் தொடங்கியது. பனியன் வாங்க வந்தவர்களும் கண்ணாடியருகே வந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

உள்ளே கறுப்புப் பிவிசி மணிகள் உருகி, வடை அளவுக்கு ஒரு தடித்த வில்லையாக வெளியே வருகின்றன. தொழிலில் அதற்கு ‘பிஸ்கட்’ என்று பெயர். மேலே ஒரு காகித லேபிள், கீழே ஒன்று. பசை கிடையாது. லேபிளை முன்கூட்டியே அடுப்பில் உலர்த்தி வைத்திருப்பார்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அழுத்தத்தில் கொப்புளம் கிளம்பிவிடும். இரண்டு நிக்கல் அச்சுகளுக்கு நடுவே பிஸ்கட் போகிறது. நீராவிச் சூடு, நூறு டன்னை ஒட்டிய அழுத்தம், பிறகு குளிர்ந்த நீர். அரை நிமிடத்தில் தட்டு தயார். ஓரத்தில் பிதுங்கிய பிளாஸ்டிக்கை இயந்திரம் சீவி எடுக்கிறது. நான் நின்றிருந்த நேரத்தில் அங்கிருந்த ஊழியர் அவ்வப்போது ஒரு தட்டை எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு, புள்ளி, மங்கல் ஏதாவது இருக்கிறதா என்று கண் தேடும். சந்தேகப்பட்ட தட்டு தனியே போய்விடும். அதில் இருக்கும் பாட்டு டெக்னோவா, ராக்கா என்பது அந்த மேசைக்கு ஒரு பொருட்டே இல்லை.

தேர்டு மேனின் உரிமையாளர் ஜாக் ஒயிட் ராக் இசைக்காரர். டெக்னோவுக்கு இந்த ஊரில் பழைய முகவரி வேறு: ஆர்ச்சர் ரெக்கார்ட் பிரெஸ்ஸிங். 1965இல் தொடங்கி, மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் ஆலை. 1972இல் ஊரின் மோட்டவுன் இசை நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்சுக்குப் போனது. இந்த ஆலை போகவில்லை. தொண்ணூறுகளில் குறுந்தகடு வந்து ரெக்கார்டின் கதை முடிந்தது என்று உலகமே சொன்னபோது, அதன் அச்சுகளை ஓடவைத்ததில் உள்ளூர் டெக்னோ லேபிள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சில நூறு படி போதும் என்று வருகிற சின்னச் சின்ன ஆர்டர்கள்தான். அச்சாகி வந்த பெட்டிகளோ கடல் கடந்து லண்டனுக்கும் பெர்லினுக்கும் டோக்கியோவுக்கும் போயின.

டெட்ராயிட்டை நேரில் பார்க்காதவருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். இணையத்தில் ஓயாமல் நடக்கும் வழக்கு அது. டெக்னோ பிறந்த ஊர் இன்று வெறும் அருங்காட்சியகம், தலைநகர் பெர்லினுக்கு மாறிவிட்டது என்பது ஒரு கட்சி. உண்மையான டிஜே ரெக்கார்டு மட்டும்தான் ஓட்டுவார், கணினி தொட்டவன் துரோகி என்பது இன்னொன்று. எது டெக்னோ, எது டெக்னோ இல்லை என்று எல்லைக்கல் நடுவது மூன்றாவது. மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினால், மூன்றுமே இங்கே வேறு வடிவத்தில் எதிர்ப்படுகின்றன.

ரெக்கார்டு விவகாரம் லேத்தில் தொடங்குகிறது. அச்சுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் சூடான ஊசியால் தடம் வெட்ட வேண்டும். டெட்ராயிட்டில் அந்த வேலையில் பெயர் எடுத்தவர் ரான் மர்ஃபி. நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன் என்ற அவருடைய கூடத்தில் வெட்டிய தட்டுகளின் உள்வளையத்தில், லேபிளுக்குப் பக்கத்தில், என்எஸ்சி என்று கீறியிருக்கும். 2008இல் அவர் இறந்தார். பழைய டெட்ராயிட் தட்டைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் முதலில் தேடுவது அந்தக் கீறலைத்தான்.

நடன இசையை வெட்டுவதற்குத் தனிக் கணக்கு உண்டு. தாழ்ந்த பேஸ் ஒலி இடது வலது என்று பிரிந்து வந்தால் வெட்டும் ஊசி மேலும் கீழும் குதிக்கும். கேட்பவரின் ஊசி தடத்தைவிட்டு எகிறிவிடும். அதனால் பேஸை நடுவில் கட்டிவைக்க வேண்டும். ஒலி பெரிதாக வேண்டுமென்றால் தடங்களுக்கு இடையே இடம் விட வேண்டும். இடம் விட்டால் பாட்டின் நீளம் குறையும். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு மட்டும் போடுவது ஆடம்பரத்துக்காக அல்ல. அதிர்வு தாங்கத்தான்.

மர்ஃபியிடம் வந்த டெக்னோ இளைஞர்கள் இந்தக் கட்டுப்பாட்டையே விளையாட்டுக் களமாக்கினார்கள். வழக்கமாகத் தடம் சுருள் சுருளாக உள்நோக்கிப் போகும். ஒரு சுற்றைத் தன்னோடு தானே சேர்த்து மூடிவிட்டால் ஊசி அங்கேயே சிக்கி, அதே துண்டை முடிவில்லாமல் பாடும். பூட்டிய தடம் என்று இதற்குப் பெயர். தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றினால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அந்த 1.8 வினாடிக்குள் நான்கு அடி விழுந்தால் நிமிடத்துக்கு 133.33 அடி. டெக்னோ ஆடுகிறவர்களின் கால் அந்த வேகத்தை அறியும். ஜெஃப் மில்ஸ் 1994இல் தன் ஆக்சிஸ் லேபிளில் வெளியிட்ட ‘சைக்கிள் 30’ தட்டில் இப்படிப் பல பூட்டிய தடங்கள் இருக்கின்றன. அதற்கு முன்பே, 1992இல், எக்ஸ்-102 என்ற பெயரில் அவரும் மைக் பேங்ஸும் ராபர்ட் ஹூடும் சேர்ந்து சனிக் கோளைப் பற்றி ஒரு தொகுப்பு செய்தார்கள். கோளின் வளையங்களைப் போலத் தட்டின் தடங்களையும் அமைக்கப் பார்த்தார்கள்.

இவ்வளவும் ரெக்கார்டுக் கட்சிக்குச் சாட்சியம் போலத் தோன்றும். ஆனால் டெட்ராயிட் ஆற்றின் எதிர்க்கரையில், கனடாவின் விண்ட்சரில் வளர்ந்து டெட்ராயிட்டில் விருந்துகள் நடத்தியவர் ரிச்சி ஹாட்டின். ரெக்கார்டைக் கையால் சுழற்றியபடியே கணினியிலுள்ள பாட்டை இயக்கும் ‘ஃபைனல் ஸ்கிராட்ச்’ கருவி இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் வந்தபோது, அதை மேடைகளுக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முதன்மையானவர். டச்சு நிறுவனம் ஒன்று உருவாக்கிய கருவி அது. ஹாட்டினும் ஜான் அக்வாவிவாவும் அதன் வளர்ச்சியில் கைகொடுத்தார்கள். பூட்டிய தடம் வெட்டவைத்த மில்ஸ் இன்று டிஜிட்டல் பிளேயர்களோடு ரோலண்ட் டிஆர்-909 தாளப்பெட்டியையும் வைத்துக்கொண்டு வாசிக்கிறார். இன்னொரு டிஜே தியோ பாரிஷ் ரெக்கார்டுகளோடு நிற்கிறார். ஒரே ஊர். யாரும் யாரையும் சாதிநீக்கம் செய்யவில்லை.

ரெக்கார்டு திரும்ப வந்துவிட்டது என்ற கொண்டாட்டத்தையும் ஆலை வாசலிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் கணக்குப்படி 2022இல் 4.1 கோடி ரெக்கார்டுகள் விற்றன, குறுந்தகடு 3.3 கோடி. 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் ரெக்கார்டு முந்தியது அதுவே முதல் முறை. பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுத்ததும் உலகம் முழுக்க அச்சு வரிசை நீண்டது. போதாக்குறைக்கு, லாக்கர் தட்டு செய்யும் இரண்டே பெரிய ஆலைகளில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. மிஞ்சியது ஜப்பானில் ஒன்று. கெட்ட காலத்தில் 300 படி, 500 படி என்று கேட்டு ஆலைகளைத் தாங்கிய சின்ன நடன லேபிள்கள், நல்ல காலத்தில் பல மாதம் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. கோடையில் ஆடவைக்க வேண்டிய பாட்டு பனிக்காலத்தில் வந்து சேர்ந்தால் என்ன செய்வது?

எல்லைக்கல் விவகாரத்துக்கு வருவோம். கெட்டோடெக் என்று ஒரு வகை இந்த ஊரில் உண்டு. நிமிடத்துக்கு 150, 160 அடி, கொச்சையான வரிகள், டிஜே அசால்ட், டிஜே காட்ஃபாதர் போன்றோர் வளர்த்தது. இணையத்தில் டெக்னோவின் தத்துவம் பேசுகிறவர்களில் பலர் இதை வாசலுக்கு வெளியே நிறுத்துவார்கள். டெக்னோ என்றால் எதிர்காலம், விண்வெளி, இயந்திரம். இடுப்பைப் பற்றிய பாட்டுக்கு அங்கே என்ன வேலை என்பது அவர்கள் வாதம்.

ஊருக்குள் வேர் ஒன்றுதான். எண்பதுகளில் ‘தி விசார்ட்’ என்ற பெயரில் வானொலியில் மின்னல் வேகத்தில் தட்டு மாற்றியவர் இதே ஜெஃப் மில்ஸ். அந்த வேகத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், 33இல் ஓட வேண்டிய டெக்னோ தட்டை 45இல் ஓட்டினார்கள். அதற்கு ஆட ஏற்கெனவே ஒரு நடனம் இருந்தது: எழுபதுகளில் டெட்ராயிட் தெருக்களில் மெகீ சகோதரர்கள் பிரபலமாக்கிய ஜிட். கால்கள் உதைத்தும் இழுத்தும் பின்னிப் பிரியும். உடல் மட்டும் நேராக நிற்கும். ‘தி நியூ டான்ஸ் ஷோ’ என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பழைய பதிவுகளில், கறுப்பின இளைஞர்கள் இரண்டு வரிசையாக நின்று நடுவே ஆடிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். பின்னால் ஒலிக்கும் பாட்டில் டெக்னோவும் உண்டு, ஹவுஸும் உண்டு, எலெக்ட்ரோவும் உண்டு. ஆடுகிறவர்கள் வகை கேட்டுவிட்டுக் காலைத் தூக்கியதாகத் தெரியவில்லை.

அருங்காட்சியகக் கட்சி சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. கிழக்கு கிராண்ட் புலவார்டில் 3000 என்ற எண்ணுள்ள கட்டடத்தில், அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ் என்ற டெட்ராயிட் டெக்னோ குழுவினரின் சப்மெர்ஜ் நிறுவனத்தோடு ஒரு டெக்னோ அருங்காட்சியகம் இருக்கவே இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் கீழே ரெக்கார்டுக் கடை, அதே கட்டடத்தில் விநியோகம். பெர்லினோடு போட்டி என்ற பேச்சும் இங்கே எடுபடாது. 1991இல் திறந்த பெர்லினின் டிரெசார் கிளப் ஒரு லேபிள் தொடங்கியபோது, அதன் முதல் வெளியீடே மில்ஸ், பேங்ஸ், ஹூட் மூவரின் எக்ஸ்-101. அந்த நகரத்தோடு இவர்களுக்கு இருப்பது கொடுக்கல் வாங்கல் உறவு.

ஊரின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மிச்சிகனில் இரவு 2 மணிக்கு மது விற்பனை நிற்கும். விடிய விடிய ஆடுகிற பெர்லின் கணக்கு இங்கே எளிதில் நடக்காது. அதற்குப் பின் நடப்பவை பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் சொல்லிப் போகும் விருந்துகள். மே மாதக் கடைசியில் ஆற்றங்கரை ஹார்ட் பிளாசாவில் டெக்னோ திருவிழா. 2000இல் தொடங்கியபோது அனுமதி இலவசம்; 2005இலிருந்து கட்டணம். கட்டணம் ஏற ஏற, உள்ளூர்க் குடும்பங்களில் பலர் வேலிக்கு வெளியே தங்கள் சொந்த விருந்துகளுக்குப் போனார்கள். இணையத்தில் மர்ம மனிதராகவும், விலை ஏறிய பழைய தட்டுகளின் படைப்பாளராகவும் பேசப்படும் மூடிமேன், அந்த வார இறுதியை ஒட்டி நார்த்லேண்டு சறுக்கு அரங்கில் ‘சோல் ஸ்கேட்’ நடத்துவார். வேறு மாநிலங்களிலிருந்தும் கறுப்பினச் சறுக்காளர்கள் தங்கள் சக்கரக் காலணிகளோடு வந்து சேருகிறார்கள். அங்கே அவர் விருந்து வைக்கிற ஊர்க்காரர்.

இணையமும் ஊரும் எப்போதும் எதிரெதிர் என்று சொல்லிவிட முடியாது. 1999இல் டிஜே ரோலாண்டோவின் ‘நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்’ அண்டர்கிரவுண்டு ரெசிஸ்டன்ஸ் லேபிளில் வந்து உலகெங்கும் நடன மேடைகளைப் பிடித்தது. உரிமை கிடைக்காத நிலையில், சோனியின் ஜெர்மன் கிளை அதே மெட்டைச் சுரத்துக்குச் சுரம் புதிதாக வாசிக்கவைத்து வெளியிட முனைந்தது. டெட்ராயிட் குழு விஷயத்தைச் சொன்னதும், அந்த ஊரை ஒருமுறைகூட மிதித்திராத ரசிகர்கள் பல நாடுகளிலிருந்து சோனிக்கு மின்னஞ்சல்களை அனுப்பிக் குவித்தார்கள். சோனி பின்வாங்கியது.